பழைய பேட்டரியை எந்த எண்ணில் இறக்குவது?

பழக்கமான ஈய உருக்காலைக்காரர் ஒருவர் போன் செய்தார். "அண்ணே, வளைகுடாவுல ஒரு பார்ட்டி பழைய கார் பேட்டரி கன்டெய்னர் கணக்குல தர்றேங்கறார். ரேட்டு நல்லா இருக்கு. எந்த நம்பர்ல போடலாம்?"

அவர் கேட்டது, சரக்கு இன்னது என்று சுங்கத் தாளில் சொல்லும் எண்ணை. என்னிடம் வருவதற்குள் நாலு பேரிடம் கேட்டுவிட்டிருந்தார். விற்பவர் 7802 என்று சொல்லியிருக்கிறார், ஈய ஸ்க்ராப். கப்பல் புக்கிங் பார்க்கும் ஃபார்வர்டர் 8507 என்றார், பேட்டரி. இன்னொரு ஏஜென்ட் 8549-ஐ, அதாவது மின்-மின்னணுக் கழிவை, விட்டால் வேறு வழியே இல்லை என்றார். உருக்காலைக்காரரின் மைத்துனரோ, பேட்டரியே வேண்டாம், கட்டி ஈயமாக வாங்கிவிடு, 7801-ல் தலைவலி கிடையாது என்றாராம். அடுத்த வருடம் லித்தியம் பக்கமும் போகலாம் என்று ஒரு யோசனை இருந்ததால் பிளாக் மாஸும் (லித்தியம் பேட்டரியை அரைத்தால் மிஞ்சும் கறுப்புப் பொடி) பேச்சில் வந்தது.

அன்றைக்கு அவரிடம் ஒன்றரை மணி நேரம் பேசினேன். ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸுக்கு நடையாய் நடந்து கற்றுக்கொண்டதையெல்லாம் சொன்னேன். இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் அதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒரே கன்டெய்னரை மூன்று சட்டங்கள் மூன்று விதமாகப் பார்க்கின்றன. பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உலக சுங்க அமைப்பின் எச்.எஸ். பட்டியல், இது என்ன பொருள் என்று கேட்கிறது. 1989-ல் கையெழுத்தாகி 1992 மே 5 முதல் நடைமுறையில் இருக்கும் பாசல் உடன்படிக்கை, இது ஆபத்தான கழிவா, வாங்குகிற நாடு முன்கூட்டியே சம்மதித்ததா என்று கேட்கிறது. கப்பலுக்கான ஆபத்துச் சரக்கு விதிகள், வழியில் ஒழுகுமா, தீப்பிடிக்குமா என்று கேட்கின்றன. ஆசிட்டோடு இருக்கும் செத்த கார் பேட்டரிக்கு இந்த மூன்று கேள்விக்கும் பதில் உண்டு: எச்.எஸ். 8549.11, பாசலின் ஆபத்துப் பட்டியலில் ஏ1160, ஆபத்துச் சரக்குக்கான ஐ.நா. எண் 2794, வகுப்பு 8 (அரிக்கும் பொருள்). இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங் (கப்பல் ரசீது), ஆபத்துச் சரக்கு அறிவிப்பு, பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் கொடுக்கும் இறக்குமதி அறிவிப்பு) என்று எல்லாத் தாளிலும் இந்த மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ஒரு தாளில் ஈய ஸ்க்ராப் என்றும் இன்னொரு தாளில் 2794 என்றும் இருந்தால், அதைப் பார்க்கிற சுங்க அப்ரைசருக்குக் கன்டெய்னரைத் திறக்காமலே விஷயம் புரிந்துவிடும்.

8507: பேட்டரி என்றே போட்டால்

பார்க்கப் பேட்டரி மாதிரிதானே இருக்கிறது, பேட்டரி என்றே போடலாமே என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றுகிறது. 8507.10 என்பது வண்டி ஸ்டார்ட் செய்யும் ஈய-அமில பேட்டரி, 8507.60 லித்தியம்-அயன். பாசல் பேச்சே வராது என்பதுதான் இதில் உள்ள ஆசை.

நம்ம ஊர்ப் பேச்சிலேயே இதற்கான பதில் இருக்கிறது. காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் "பேட்டரி இறங்கிடுச்சு" என்கிறோம். சார்ஜ் போட்டால் ஏறும். "பேட்டரி செத்துப்போச்சு" என்றால் அது காயலான் கடைக்குத்தான். எச்.எஸ். பட்டியலில் 85-ஆம் அத்தியாயத்தின் உபதலைப்புக் குறிப்பும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. உடைந்ததாலோ, வெட்டப்பட்டதாலோ, தேய்ந்ததாலோ, வேறு காரணத்தாலோ அப்படியே பயன்படுத்த முடியாமல் போய், மறுபடி சார்ஜ் ஏற்றவும் முடியாத பேட்டரிதான் தீர்ந்துபோன பேட்டரி. ஆகவே இறங்கியது 8507-க்குப் போகும், செத்தது 8549-க்குப் போகும்.

2022 ஜனவரி 1 முதல் வந்த திருத்தத்தில் இன்னொரு சோதனையும் சேர்ந்தது. 16-ஆம் பிரிவின் 6-ஆம் குறிப்பு, மின்-மின்னணுக் கழிவு என்றால் என்ன என்று சொல்லும்போது இரண்டு நிபந்தனை வைக்கிறது. முதலாவது, பொருள் அதன் பழைய வேலைக்கு உதவாமல் போயிருக்க வேண்டும், அல்லது பழுதுபார்ப்பது கட்டுப்படியாகாததாக இருக்க வேண்டும். இரண்டாவது, ஏற்றி இறக்கும்போதும் பயணத்திலும் ஒவ்வொரு பொருளும் அடிபடாமல் காக்கும் எண்ணத்தோடு அது கட்டப்பட்டிருக்கக் கூடாது. அதாவது பொருளோடு அதன் பேக்கிங்கும் பேசும். திரும்ப விற்கப்போகிற பேட்டரியை யாரும் செங்கல் மாதிரி அடுக்கி அனுப்ப மாட்டார்கள் என்பதுதான் இதற்குப் பின்னால் இருக்கும் சாதாரண அறிவு.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு கெட்ட நாளில். சில வருடங்களுக்கு முன்னால், மணலி பக்கம் ஒரு சி.எஃப்.எஸ்.-ல் (கன்டெய்னர்களை வைத்துச் சோதிக்கும் கிடங்கு), வேறொரு வாடிக்கையாளரின் கன்டெய்னர். தாளில் "பயன்படுத்திய பேட்டரி, மறுபயன்பாட்டுக்கு" என்று இருந்தது. சீல் உடைத்துக் கதவைத் திறந்ததும் ஆசிட் நெடி முகத்தில் அடித்தது. பேட்டரிகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. நடுவில் அட்டை இல்லை, டெர்மினல்களில் டேப் இல்லை. பாதிக்கு மேல் கேஸ் விரிசல் விட்டிருந்தது. தரைப் பலகை கறுத்து, ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அதிகாரி மல்டிமீட்டர் கொண்டுவரச் சொல்லி நாலைந்தைத் தொட்டுப் பார்த்தார். 12 வோல்ட் பேட்டரியில் ஒன்று 10-ல் நின்றது. ஆறு செல்லில் ஒன்று போய்விட்டது என்று அர்த்தம். இன்னொன்று 3-ஐத் தாண்டவில்லை. ஒன்றில் முள் அசையவே இல்லை. அவர் என்னைப் பார்த்து, "இதை எந்த வண்டியில மாட்டப்போறீங்க?" என்று அமைதியாகக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. விற்பவர் அனுப்பிய நாலு படங்களை நம்பி அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

அப்புறம் நடந்தது பெரிய அலைச்சல். தவறான அறிவிப்புக்கு சுங்கச் சட்டம் 1962-ன் 111-ஆம் பிரிவில் பறிமுதல், 112-ல் அபராதம். சட்டவிரோதமாக வந்த ஆபத்தான கழிவை, வந்து சேர்ந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் தன் செலவில் திருப்பி அனுப்ப வேண்டும் என்று 2016-ஆம் வருடத்து ஆபத்தான கழிவு விதிகள் சொல்கின்றன. திருப்பி அனுப்பவோ, சரியான ஆபத்துச் சரக்கு அறிவிப்பு இல்லாமல் கப்பல் கம்பெனி தொட மறுத்தது. டெமரேஜ், அதாவது தாமதக் கட்டண மீட்டர் மட்டும் நிற்காமல் ஓடியது.

உண்மையிலேயே நல்ல பேட்டரிதான், சோதித்து, தரம் பிரித்து, தனித்தனியாகப் பேக் செய்து வருகிறது என்றால் 8507 சரியான எண்தான். அப்போதும் அது சுலபமான வழி இல்லை. மூலதனப் பொருள் அல்லாத பழைய பொருள்களை இந்திய வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை கட்டுப்படுத்தப்பட்ட வகையில் வைத்திருக்கிறது. டி.ஜி.எஃப்.டி. (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) அனுமதி வேண்டும். கையடக்கக் கருவிகளுக்கான லித்தியம் பேட்டரி என்றால் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கேட்பார்கள். அதோடு, பேட்டரியை இறக்குமதி செய்கிறவரை 2022-ஆம் வருடத்து பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 'உற்பத்தியாளர்' என்ற கணக்கில் சேர்த்துவிடுகின்றன. அத்தனை பேட்டரியையும் ஒருநாள் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு அவர் தலையில் வரும். உருக்கி ஈயம் எடுக்க நினைக்கிறவருக்கு இந்த வழியில் வேலையே இல்லை.

7802: ஈய ஸ்க்ராப் என்று போட்டால்

விற்பவர் சொன்ன எண் இது. அவர் அனுப்பிய விலைத்தாளில் 'ரெயின்ஸ்' என்று ஒரு வார்த்தை இருந்தது. ஸ்க்ராப் வியாபாரத்தில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு குறிச்சொல் உண்டு. அமெரிக்க ஸ்க்ராப் வியாபாரிகள் சங்கம் வகுத்து, உலகம் முழுக்கப் பேசப்படும் சொற்கள் அவை. கலப்பு ஈய ஸ்க்ராப்புக்கு 'ரேடியோ' என்று பெயர். 'ரிங்க்' என்றால் ஆசிட்டோடு இருக்கும் முழு பேட்டரி. 'ரெயின்ஸ்' என்றால் ஆசிட் வடித்த, உடையாத முழு பேட்டரி. அந்தக் குறியீட்டின் ஆங்கில விளக்கத்தில் 'ஸ்க்ராப்', 'ஈயம்' என்ற சொற்கள் முன்னால் நிற்பதால் பலர் 7802-க்குத் தாவிவிடுகிறார்கள்.

ஆசிட்டை வடித்துவிட்டாலும் பேட்டரி பேட்டரிதான். உலோகங்களுக்கான 15-ஆம் பிரிவு, 16-ஆம் பிரிவின் பொருள்களைத் தன்னிடமிருந்து வெளியே தள்ளிவிடுகிறது. 85-ஆம் அத்தியாயம் 16-ஆம் பிரிவில் இருக்கிறது. அதனால் கேஸோடு வரும் முழு பேட்டரி, ஈரமானாலும் காய்ந்ததானாலும், 8549.11 தான். பாசல் பட்டியலின் ஏ1160-உம் "முழுதாகவோ நொறுக்கியோ" என்றே சொல்கிறது. வடிப்பதாலோ உடைப்பதாலோ அது ஆபத்துப் பட்டியலிலிருந்து வெளியேறிவிடாது. சுத்தமான ஈயக் குழாய், ஈயத் தகடு, கேபிளிலிருந்து உரித்த ஈயம் இவையெல்லாம் 7802-க்கு நியாயமாகப் போகும் சரக்குகள். பாசலின் பி1020 பதிவுகூட மாசில்லாத ஈய ஸ்க்ராப்பை ஏற்றுக்கொண்டு, ஈய-அமில பேட்டரியை மட்டும் பெயர் சொல்லி விலக்கிவைக்கிறது.

"அப்போ உடைச்சு, பிளேட்டை மட்டும் எடுத்து அனுப்பச் சொல்லட்டுமா?" என்று உருக்காலைக்காரர் கேட்டார். பிளேட்டில் ஒட்டியிருப்பது ஈய சல்பேட்டும் ஆக்சைடும். அதுவும் ஆபத்தான கழிவுதான், அதற்கும் அனுமதி வேண்டும். அதைவிட எனக்கு உறுத்துவது, அதை உடைக்கப்போவது யார் என்பது. செனகல் நாட்டின் டாக்கர் நகரத்துக்குப் பக்கத்தில் தியரோய் சுர் மேர் என்று ஓர் ஊர். பழைய பேட்டரியைத் திறந்த மண்ணில் உடைத்து ஈயம் எடுத்து வந்தார்கள். அந்த மண்ணைச் சலித்து விற்றால் காசு என்று ஆனதும் மண் வீடுகளுக்குள் வந்தது. 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் ஈய விஷத்தால் இறந்தார்கள். நம் தாளில் ஒரு எண்ணைச் சௌகரியமாக்கிக்கொள்ள, ஏற்றுமதியாகும் ஊரில் யாரோ ஒரு முற்றத்தில் சுத்தியலோடு உட்கார்ந்திருப்பார்கள். வடித்து அனுப்பு, உடைத்து அனுப்பு என்று நான் யாருக்கும் ஆலோசனை சொல்வதில்லை. ஆசிட்டை நிமிர்ந்த நிலையில், ஒழுகாத பெட்டியில், பேட்டரிக்குள்ளேயே கொண்டுவந்து, ஆசிட்டைக் கையாள ஏற்பாடு உள்ள ஆலையில் திறப்பதுதான் முறை.

8549: கழிவு என்று ஒப்புக்கொண்டு வந்தால்

மூன்றாவதாகச் சொன்ன ஏஜென்ட்டின் பேச்சு சரி. ஆனால் 8549 என்று எழுதிவிட்டால் மட்டும் போதாது.

2022-க்கு முன்னால் செத்த பேட்டரி எல்லாமே 8548.10 என்ற ஒரே பையில் கிடந்தன. இன்றைக்கும் சில விற்பனையாளர்களின் இன்வாய்ஸில் அந்தப் பழைய எண்ணே வருகிறது, பார்த்துத் திருத்தச் சொல்ல வேண்டும். இப்போது ஐந்து பை. 8549.11 ஈய-அமிலம். 8549.12 ஈயம், காட்மியம், பாதரசம் உள்ள மற்றவை. 8549.13 இந்த மூன்றும் இல்லாமல், ரசாயன வகைப்படி பிரித்தவை. 8549.14 இந்த மூன்றும் இல்லாமல், பிரிக்காதவை. மிச்சம் 8549.19.

இந்த ஐந்தில் நம்மவர்கள் தடுக்கி விழுவது 12-க்கும் 14-க்கும் நடுவில். ஒரு டிரம் நிறைய லேப்டாப் பேட்டரி, போன் பேட்டரி என்று நினைத்து வாங்குவார்கள். கொட்டிப் பார்த்தால் அடியில் பழைய டிரில் மெஷின் பேட்டரி இருக்கும், எமர்ஜென்சி லைட் பேட்டரி இருக்கும். அவற்றில் நிக்கல்-காட்மியம் கலந்திருக்கலாம். அந்தக் கொஞ்சம் காட்மியம் போதும், டிரம்மின் கதையே மாறிவிடும். பாசலிலும் அப்படித்தான். ஈயம், காட்மியம், பாதரசம் இல்லாமல் ஒரு தரவிவரத்துக்கு ஒத்துப்போகும் கழிவு பேட்டரி பி1090 என்ற சாதாரணப் பட்டியலில் வரும். பிரிக்காத கலவை ஏ1170 என்ற ஆபத்துப் பட்டியலுக்குப் போய்விடும். ஏற்றும் இடத்தில் ஒரு ஆளை வைத்துப் பிரிக்க ஆகும் கூலி, இங்கே ஒரு வாரம் கன்டெய்னர் நின்றால் ஆகும் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

ஈய-அமில பேட்டரிக்கு இந்தியாவில் வழி இதுதான். ஏ1160 மேலே சொன்ன 2016-ஆம் வருடத்து விதிகளின் மூன்றாம் அட்டவணை 'ஏ' பகுதியில், முன்சம்மதம் வேண்டிய சரக்குகளில், இருக்கிறது. உருக்காலை நடத்துபவர் தானே இறக்குமதி செய்ய வேண்டும், நடுவில் வாங்கி விற்கிறவருக்கு இடமில்லை. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதலும் அங்கீகாரமும் கையில் இருக்க வேண்டும். படிவம் 5-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஏற்றுமதி செய்யும் நாட்டின் அதிகாரிகள் இங்கே எழுதிக் கேட்டு, இங்கிருந்து எழுத்தில் சம்மதம் போக வேண்டும். அப்புறம்தான் சரக்கு கிளம்பலாம். கிளம்பும்போது படிவம் 6 கூடவே வர வேண்டும். மாதக்கணக்கில் ஆகும் வேலை இது. அவசர விலைக்கு வாங்கிவிட்டு அப்புறம் அனுமதி பார்த்துக்கொள்ளலாம் என்பது இதில் நடக்கவே நடக்காது.

எந்த நாட்டிலிருந்து வாங்குகிறோம் என்பதும் எண்ணைப் போலவே முக்கியம். அமெரிக்கா பாசல் உடன்படிக்கையில் 1990-ல் கையெழுத்திட்டதோடு சரி, இன்றுவரை உறுதிப்படுத்தவில்லை. உறுப்பு நாடு உறுப்பல்லாத நாட்டோடு ஆபத்தான கழிவை வாங்கவோ விற்கவோ கூடாது, தனி ஒப்பந்தம் இருந்தால் தவிர. ஐரோப்பிய ஒன்றியமோ ஓ.இ.சி.டி.க்கு (பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பு) வெளியே உள்ள நாடுகளுக்கு ஆபத்தான கழிவை அனுப்புவதையே தடை செய்திருக்கிறது. இதே போக்கைத் தடுக்கும் பாசலின் தடைத் திருத்தமும் 2019 டிசம்பர் 5 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. இந்தியா ஓ.இ.சி.டி.யில் இல்லை. ஆகவே ராட்டர்டாமிலிருந்தோ ஹூஸ்டனிலிருந்தோ செத்த ஈய பேட்டரி தருகிறேன் என்று யாராவது மலிவு விலை சொன்னால், விலையைப் பேசுவதற்கு முன்னால் எந்த எண்ணில் வரும் என்று கேளுங்கள். 8549.11 என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். நம் நண்பருக்கு வந்த சரக்கு வளைகுடாவிலிருந்து என்பதால் கதவு மூடியிருக்கவில்லை. ஆனால் விற்பவர் அவருடைய நாட்டில் அனுமதிக் கோப்பைத் தொடங்கத் தயாரா என்று கேட்டபோது, அந்தப் பக்கம் இரண்டு நாள் பதிலே இல்லை.

ஒரு எண் சரியாக இருப்பதால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்கா-மெக்சிகோ கதையைச் சொல்வேன். 2008-ல் அமெரிக்கா காற்றில் ஈயத்தின் வரம்பை ஒரு கன மீட்டருக்கு 1.5 மைக்ரோகிராமிலிருந்து 0.15-க்கு இறக்கியது. பத்தில் ஒரு பங்கு. உள்ளூர் உருக்காலைகளுக்குச் செலவு ஏறியது. செத்த பேட்டரிகள் தெற்கே எல்லை தாண்டின. வட அமெரிக்க நாடுகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் சுற்றுச்சூழல் ஒத்துழைப்பு ஆணையம் 2013-ல் கணக்கெடுத்தபோது, 2004-க்கும் 2011-க்கும் இடையில் மெக்சிகோவுக்குப் போன பழைய பேட்டரி 449 முதல் 525 சதவீதம் வரை கூடியிருந்தது தெரிந்தது. இப்படிப்பட்ட ஓட்டத்தைக் கண்டுபிடிக்கச் சுங்க எண்தான் முக்கியமான தடயம். அதில் பாதிப் பேர் 7802 என்றும் 8507 என்றும் எழுதியிருந்தால், எந்த ஊருக்கு எவ்வளவு ஈயம் போய் இறங்குகிறது என்பது யாருக்கும் தெரிந்திருக்காது.

லித்தியமும் கறுப்புப் பொடியும்

லித்தியம் விஷயத்தில் கை இன்னும் முழுசாகப் படியவில்லை. சட்டங்களே ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடம் இது.

உப்பிப்போன, அடிபட்ட லித்தியம் பேட்டரியைக் கப்பலில் ஏற்ற, ஒவ்வொன்றையும் தனித்தனி உள்பையில் வைத்து, சுற்றிலும் எரியாத பொருளைத் திணிக்க வேண்டும் என்பது ஆபத்துச் சரக்கு விதி. ஐ.நா. எண் 3480, வகுப்பு 9. இப்போது மேலே சொன்ன 6-ஆம் குறிப்பை நினைத்துப் பாருங்கள். தனித்தனியாகக் காத்துக் கட்டியிருந்தால் கழிவு இல்லை என்கிற மாதிரி வருகிறது. தீப்பிடிக்காமல் இருக்கக் கட்டியதையே காட்டி, இது கழிவு இல்லை, பேட்டரி என்று ஒருவர் வாதாடலாம். என் வாசிப்பு வேறு. அந்தக் குறிப்பு பேசுவது பொருள் கெடாமல் இருப்பதற்கான கட்டைப் பற்றி. கப்பல் எரியாமல் இருப்பதற்கான கட்டு வேறு சங்கதி. ஆனால் என் வாசிப்பை நம்பி யாரும் கன்டெய்னர் ஏற்ற வேண்டாம். சுங்கச் சட்டத்தின் 28எச் பிரிவில் முன்கூட்டியே தீர்ப்புக் கேட்கலாம். கட்டணம் 10,000 ரூபாய், மூன்று மாதத்துக்குள் பதில் தர வேண்டும். லித்தியத்தில் முதல் சரக்கு இறக்குகிற யாருக்கும் நான் சொல்வது இதுதான்.

பேட்டரியை அரைத்து, பிளாஸ்டிக், செம்பு, அலுமினியம் எல்லாம் பிரித்தபின் மிஞ்சும் கறுப்புப் பொடிதான் பிளாக் மாஸ். கோபால்ட், நிக்கல், மாங்கனீஸ், லித்தியம், கிராஃபைட் எல்லாம் அதில் இருக்கும். இதற்கு எந்தத் தலைப்பு? 2620 என்பது உலோகம் உள்ள கசடு, சாம்பல், எச்சம். 26-ஆம் அத்தியாயத்தின் 3-ஆம் குறிப்பு, உலோகம் பிரித்தெடுக்கவோ உலோகச் சேர்மம் செய்யவோ தொழிற்சாலைகள் பயன்படுத்தும் எச்சங்கள் அங்கே வரும் என்கிறது. பிளாக் மாஸை வாங்குகிறவர் செய்யப்போவது அதைத்தான் என்பதால் 2620.99 எனக்கு நியாயமாகப் படுகிறது. 3825 என்பவர்களும் உண்டு. அது ரசாயனத் தொழிலின் எச்சங்களுக்கான தலைப்பு. பேட்டரியை அரைப்பது இயந்திர வேலை, ரசாயனத் தொழில் இல்லை என்பதால் அந்த வாதம் பலவீனமானது. அரைகுறையாக அரைத்து, செல் துண்டுகளும் ஃபாயிலும் கண்ணுக்குத் தெரிந்தால் 8549-ஐ விட்டு அது வெளியே வரவே இல்லை என்று அதிகாரி சொல்லலாம், சொன்னால் அதில் தப்பும் இல்லை. நாட்டுக்கு நாடு இதில் வேறு வேறு பழக்கம் இருப்பதால், விற்பவரின் ஏற்றுமதி எண்ணும் நம் இறக்குமதி எண்ணும் ஒத்துப்போகாமல் நிற்பது சகஜம். சல்லடை அளவும் ஆய்வறிக்கையும் இல்லாமல் இதை வாங்கக் கூடாது.

2025 பிப்ரவரி பட்ஜெட்டில் லித்தியம்-அயன் பேட்டரிக் கழிவுக்கும் கோபால்ட் பவுடருக்கும் கழிவுக்கும் ஈயம், துத்தநாகம் ஆகியவற்றின் ஸ்க்ராப்புக்கும் அடிப்படைச் சுங்கத் தீர்வையை அரசு நீக்கியது. அன்றைக்கு எனக்கு வந்த போன்களில் பாதி, "இனிமே ஃப்ரீயாமே அண்ணே?" என்றுதான் கேட்டன. தீர்வைதான் போனது, அனுமதி அப்படியே இருக்கிறது. இதைப் புரியவைக்க அந்த வாரம் முழுக்க ஆனது. அடுத்த மாதமே, 2025 மார்ச்சில், ஐரோப்பிய ஆணையம் பிளாக் மாஸை ஆபத்தான கழிவு என்று வகைப்படுத்தியது. ஐரோப்பாவிலிருந்து நமக்கு அது வருவதற்கான வழி அதோடு அடைபடுகிறது. லித்தியம் யோசனையில் இருப்பவர்கள் இந்த இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இங்கே கதவு திறக்கும்போது அங்கே சாத்துகிறார்கள். உள்ளூரில் சேகரிப்பதுதான் அவர்களுக்கு நம்பகமான மூலப்பொருளாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மைத்துனர் சொன்ன 7801

கட்டி ஈயம் என்றால் பாசல் இல்லை, ஆசிட் இல்லை, அமைச்சகம் இல்லை. சுத்திகரித்தது 7801.10, ஆன்டிமனி தூக்கலானது 7801.91, மற்றவை 7801.99. ஆய்வறிக்கை ஒன்று சரியாக இருந்தால் போதும். லாபம் குறையும், ஏனென்றால் உருக்கும் கூலியை வேறொருவர் ஏற்கெனவே எடுத்துவிட்டார். உலை வைத்திருப்பவருக்கு இது வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் அனுமதி வரும்வரை ஆர்டரைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு அவர் மறுபடியும் அதையே கேட்டார்: "அப்போ எந்த நம்பர்ல போடலாம்?" நாம் போடுவதற்கு எண்ணில் இடமே இல்லை என்றேன். யார்டில் எதை, எப்படி அடுக்கி ஏற்றுகிறார்களோ, அப்போதே எண் முடிவாகிவிடுகிறது. நம் கையில் இருப்பது என்ன வாங்குவது, யாரிடம் வாங்குவது, எப்போது வாங்குவது என்பதுதான். அவருடைய ஆலைக்கு வாரிய அங்கீகாரம் இருக்கிறது, ஆசிட் தொட்டி இருக்கிறது. அதனால் நீண்ட காலத்துக்கு 8549.11 தான் அவருக்கு உரியது. இந்த வருடத்து ஆர்டருக்குக் கட்டி ஈயம். 7802, 8507 இரண்டையும் இந்தச் சரக்குக்கு மறந்துவிட வேண்டும்.

ஒரு வாரம் கழித்து ஆபீசுக்கு வந்தார். ஆன்டிமனி ஈயத்துக்கு ஆர்டர் போட்டுவிட்டார். அந்தப் பழைய விற்பனையாளர் அனுமதி என்றதும் பேச்சை நிறுத்திவிட்டதால், எழுத்தில் சம்மதம் வாங்கித் தரத் தயாரான வேறொருவரைப் பிடித்திருக்கிறார். விலை கொஞ்சம் கூட. ஒரு ஆளை அங்கே அனுப்பி, பேட்டரிகளை நிமிர்த்தி வைத்து, அடுக்குகளுக்கு நடுவில் அட்டை கொடுத்து, ஒழுகாத பெட்டிகளில் ஏற்றுவதைப் படம் எடுத்து வரச் சொல்லியிருக்கிறாராம். படிவம் 5-ஐ மேசைமேல் விரித்து, முதல் கட்டத்திலிருந்து நிரப்ப ஆரம்பித்தோம்.